மதிலோரச் சோளக்காரர்களுக்கு ஒரு மடல்

மறைமலைநகரில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

தை பிறந்ததும் உங்களில் பலர் மக்காச்சோளம் ஊன்றுகிறீர்கள். சித்திரை பிறப்பதற்குள் அதே பலர், "நம்ம ஊர் மண்ணுக்குச் சோளம் வராதுங்க" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். காலை நடையில் உங்கள் மதிலுக்கு மேல் ஆடும் தோகைகளைப் பார்த்துக்கொண்டே போகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். செடிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆளுயரம் வளர்ந்து, தண்டு தடித்து, கதிரும் தள்ளியிருக்கிறது. உரித்துப் பார்த்தால்தான் பொக்கை வாய்: இங்கே நாலு மணி, அங்கே இரண்டு மணி, நடுவில் வெறும் நெட்டி. உடனே பழி விதைக் கடைக்காரர் மேல் விழுகிறது, இல்லையென்றால் லாரியில் வந்த மண் மேல், போர் தண்ணீர் மேல். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒற்றை வரிசையாக நட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

மக்காச்சோளத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில்தான் இருக்கின்றன, ஆனால் சேர்ந்து இல்லை. உச்சியில் விரிகிற பூங்கொத்து ஆண். இடுப்பு உயரத்தில் தோகைக் கணுவிலிருந்து புறப்படுகிற கதிர் பெண். கதிரின் நுனியில் தொங்குகிறதே மீசை, அதை நாம் உரித்துக் குப்பையில் போடுகிறோம். ஆனால் கதைக்கு நாயகி அதுதான். அதில் உள்ள ஒவ்வோர் இழையும் கதிருக்குள்ளே ஒரே ஒரு மணியோடு இணைந்தது. ஒரு கதிரில் சாதாரணமாக 400 முதல் 600 மணிகள் இருக்கும் என்றால், அத்தனை இழைகளும் தனித்தனியாக மகரந்தம் பெற வேண்டும். தூள் படாத இழைக்கு உரிய மணி கிடையாது, அந்த இடம் காலி. இந்தத் தூளைக் கொண்டுவந்து சேர்க்கத் தேனீயை நம்ப முடியாது. பூங்கொத்துக்குத் தேனீ வரும், தூளைச் சேர்த்துக்கொண்டு போகும். தேன் இல்லாத மீசைப் பக்கம் அதற்கு வேலை இல்லை. காற்றுதான் எல்லாம்.

காற்றில் பறக்கும் மகரந்தங்களில் சோளத்தின் தூள் கனமானது. லட்சக்கணக்கில் உதிரும், ஆனால் பெரும்பகுதி சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். காலையில் பனி காய்ந்த பிறகு உதிரத் தொடங்கும், வெயில் ஏறஏற உயிர் இழக்கும். இப்போது உங்கள் ஒற்றை வரிசையை நினைத்துப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தூளில் பாதி பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போகிறது, மீதி தெருவுக்குப் போகிறது. எதிரில் நின்று வாங்கிக்கொள்ள இன்னொரு வரிசை இல்லை. இந்தப் பயிர் கூட்டமாக நின்றால்தான் காய்க்கும்.

இழைக்கு ஒரு மணி, தூளுக்கு ஒரு மணி என்ற இந்தக் கணக்கு அறிவியலுக்கும் பெரிய வரவு. ஒரே கதிரில் பக்கத்துப் பக்கத்து மணிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம் அல்லவா? அமெரிக்காவில் பார்பரா மெக்கிளிண்டாக் என்ற பெண்மணி காலமெல்லாம் சோளக் கொல்லையில் நின்று, கதிருக்கு உறை மாட்டி, தன் கையால் தூள் தூவி, மணிகளின் நிறத் திட்டுகளைப் பார்த்துப் பார்த்தே, மரபணுக்கள் இடம் பெயரக்கூடியவை என்று கண்டுபிடித்தார். நெடுங்காலம் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 81. நமக்கு நோபல் வேண்டாம், நிறைந்த கதிர் போதும். ஆனால் அவர் கையாண்ட அதே வேலையை நம் கொல்லையிலும் செய்யலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இடக் கணக்குக்கு வருகிறேன். எட்டடிக்கு நாலடி வேண்டும், அவ்வளவுதான். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி பத்து அங்குலம். நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து செடி, ஆக இருபது செடி. வயலுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியும் ஏறக்குறைய இதுதான். ஒரு கட்டில் போடுகிற இடம். குழிக்கு இரண்டு விதை, ஓர் அங்குல ஆழம், பத்து நாள் கழித்து வலுவானதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும். முக்கியம், இருபதையும் ஒரே நாளில் ஊன்றுங்கள். "இந்த வாரம் அஞ்சு, அடுத்த வாரம் அஞ்சு" என்று கீரை விதைக்கிற பழக்கத்தில் விதைத்தால், ஒன்று தூள் உதிர்க்கும்போது மற்றொன்றுக்கு மீசையே வந்திருக்காது.

சிலருக்குச் சுவர் ஓரத்தைத் தவிர வேறு இடமே இல்லை, அது எனக்கும் தெரியும். கார் நிறுத்தவும் போர் போடவும் இடம் போன பிறகு மிஞ்சுவது இரண்டடிப் பட்டைதான். அவர்களுக்கு என் தீர்ப்பு: பேபி கார்ன் போடுங்கள். மீசை வெளியே வந்த இரண்டு மூன்று நாளில், மகரந்தம் படுவதற்கு முன்பே ஒடிக்கும் பிஞ்சுக் கதிர்தான் அது. அதற்குத் தூளும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். ஆண் பூங்கொத்து தலை காட்டியதும் உருவி எறிந்துவிட்டால் பிஞ்சு இன்னும் நல்லது. விதைத்து இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும், ஒரு செடியில் ஒன்றுக்கு மேற்பட்ட பிஞ்சும் ஒடிக்கலாம். ஒற்றை வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான சோளம் கிடையாது.

பட்டம் பற்றி. செங்கல்பட்டுப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் தேங்குகிற தண்ணீரில் சோள நாற்று இரண்டு மூன்று நாள் நின்றால் மஞ்சள் அடித்துப் படுத்துவிடும், எழாது. போதாக்குறைக்குப் புயல். 2016 டிசம்பரில் வர்தா மரங்களையே சாய்த்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே இரண்டு பட்டம்தான் நமக்கு. ஆடியில் விதைத்தால் பெருமழைக்கு முன் ஒடித்துவிடலாம். தையில் விதைத்தால் மாசிக் கடைசியில் பூ வந்து, பங்குனியில் கதிர் கைக்கு வரும். இரண்டில் தைதான் எனக்குப் பிடித்தது, வெயிலும் உண்டு, மண்ணில் மழையின் ஈரமும் மிச்சம் இருக்கும். பங்குனியில் விதைப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பள்ளி விடுமுறை வருகிறது, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்று தொடங்குகிறீர்கள், புரிகிறது. ஆனால் அது பூக்கிற நேரத்தில் அக்னி நட்சத்திரம் வந்துவிடும். அந்தச் சூட்டில் தூள் செத்துவிடுகிறது, மீசை காய்ந்துவிடுகிறது. நட்ட முறை சரியாக இருந்தாலும் கதிர் பொய்த்துப் போகும்.

மண்ணைப் பற்றி நீங்கள் சொல்கிற புகாரில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சென்னையின் நெரிசலைக் குறைக்க அளந்து மனை போட்ட ஊர் இது. மனையை மேடாக்கச் சரளை கொட்டி, அதன் மேல் வீடு கட்டிய மிச்சமும் கிடக்கும். கடப்பாரை போட்டால் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான் முதலில் வரும். ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, அந்தச் சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கி வெளியே போடுங்கள். அது சும்மா கிடக்காது, மண்ணைச் சுண்ணாம்பு மண்ணாக மாற்றும். அப்படி மாறினால் துத்தநாகச் சத்து செடிக்குக் கிடைக்காது. இளம் குருத்தில் நரம்பை ஒட்டி வெள்ளைப் பட்டை ஓடுவது அதனால்தான், அதைப் பார்த்து யூரியா போடுகிறவர்கள் உண்டு. அடித்தோகை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கினால்தான் தழைச்சத்துப் பசி. ஓரம் ஊதாவாக மாறினால் மணிச்சத்து. செடியே சொல்லிவிடுகிறது, பார்க்க நமக்குத்தான் நேரம் வேண்டும்.

சோளம் பெருந்தீனிக்காரன். கத்தரிக்கும் வெண்டைக்கும் தூவுகிற ஒரு கைப்பிடி மண்புழு உரம் இதற்குப் பசிக்கு முன் வைத்த சுண்டல். ஒட்டு ரக மக்காச்சோளத்துக்கு இறவையில் எக்டருக்கு 250 கிலோ தழைச்சத்து என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. நம் எட்டடி நாலடிக்கு அதைச் சுருக்கினால் சுமார் 75 கிராம் வரும். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 விழுக்காடு அளவுக்கு இருப்பதால், ஏறக்குறைய ஒரு கிலோ புண்ணாக்கு அந்தக் கணக்கை ஈடு கட்டிவிடும். அடியில் இரண்டு கூடை மக்கிய தொழுவுரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்துவிட்டு, கடலைப் புண்ணாக்கைப் பங்கு போடுங்கள்: விதைக்கும்போது கால்வாசி, இருபத்தைந்தாம் நாள் பாதி, பூ வருவதற்கு முன் மீதி. நடுப்பங்கைப் போடும்போதே தண்டைச் சுற்றி மண் அணைத்துவிடுங்கள். கீழ்க்கணுவிலிருந்து இறங்கும் தாங்கு வேர்கள் அந்த மண்ணைப் பற்றிக்கொண்டால்தான் மாசிக் காற்றில் செடி சாயாது. அடியில் கிளைக்கிற பக்கக் கன்றுகளைப் பிடுங்கச் சொல்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அதனால் லாபம் இல்லை, விட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். ஒரு போகத்துக்கு 500 மில்லிமீட்டர் என்று வைத்தால், நம் மூன்று சதுர மீட்டருக்கு மொத்தமே 1,500 லிட்டர்தான், ஒரு நாளைக்கு ஒரு வாளி. ஆனால் பூங்கொத்து விரிவதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் அந்த வாளி ஒன்றரையாகட்டும், ஒரு நாளும் தவறக் கூடாது. செடி வாடினால் ஆண் பூ குறித்த நாளில் வந்துவிடும், மீசை மட்டும் பின்தங்கும். தூள் எல்லாம் உதிர்ந்து முடிந்த பிறகு வெளியே வருகிற மீசையால் என்ன பயன்? கல்யாணம், கோயில் என்று ஊருக்குப் போவதானால் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்துப் போங்கள். மாமல்லபுரம், கோவளம் பக்கம் மணல் மண்ணில் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: மணலில் உரம் தங்காது, அதனால் பங்குகளை இன்னும் சிறிதாக்கி அடிக்கடி போடுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் சோளம் வேண்டாம், அது உப்பைத் தாங்காது.

பூ வந்த பிறகு ஒரு வாரம் உங்கள் கைக்கு வேலை உண்டு. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போய்த் தண்டை மெல்லத் தட்டுங்கள், மஞ்சள் தூள் உதிர்வது கண்ணுக்கே தெரியும். ஒரு காகிதப் பையில் அதைச் சேகரித்து, புதிதாக வந்த மீசைகளின் மேல் தூவிவிடுங்கள். மெக்கிளிண்டாக் செய்த வேலை என்று சொன்னேனே, அது இதுதான். இழைகள் கதிரின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக வெளியே வரும், நுனி மணிகளின் இழைகள் கடைசி. அதனால் ஒரு நாள் தூவி நிறுத்தினால் போதாது, நாலைந்து காலை செய்யுங்கள். மொட்டை மாடியில் பைகளில் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்தாக வேண்டும், பைகளையும் நெருக்கி வையுங்கள்.

இனி படைப்புழு. 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, அந்த ஆண்டுக்குள்ளேயே தமிழ்நாட்டுக்கு வந்து, பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காடுகளைத் தின்று தீர்த்த அதே புழுதான். அமெரிக்கக் கண்டத்தின் பிறவி. 2016-இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டு, இரண்டே ஆண்டில் நம்மிடம் வந்தது. மறைமலைநகரில் நாலு செடி வைத்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடும், அந்துப்பூச்சி இரவில் வெகுதூரம் பறக்கும். தோகையின் மேல் மயிர் மூடிய முட்டைக் குவியல் தெரிந்தால் அங்கேயே நசுக்குங்கள். குஞ்சுப் புழு தோகையைச் சுரண்டினால் கண்ணாடித் தாள் போல வெள்ளைத் திட்டு விழும். பெரிதானதும் குருத்துக்குள் இறங்கிவிடும், விரிகிற தோகையில் வரிசையாக ஓட்டை, குருத்தில் மரத்தூள் போன்ற கழிவு. பிரித்துப் பாருங்கள், தலையில் தலைகீழ் ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. அதுவேதான்.

இந்த ஒரு விஷயத்தில் பெரம்பலூர் விவசாயியைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஐந்து ஏக்கரில் ஒவ்வொரு குருத்தாகப் பிரித்துப் பார்க்க அவரால் முடியாது, மருந்துக்கும் கூலிக்கும் கடன் வாங்கினார். உங்களுக்கு இருபது குருத்து, காப்பி ஆறுவதற்குள் பார்த்து முடிக்கலாம். பெரும்பாலும் ஒரு குருத்தில் ஒரு பெரிய புழுதான் இருக்கும், ஒன்றை ஒன்று தின்றுவிடும். குச்சியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது. குருத்தில் ஒரு சிட்டிகை காய்ந்த மணல் போட்டாலும் நெருடலில் அது தங்காது. வேப்பங்கொட்டைச் சாறு வாரம் ஒருமுறை தெளிக்கலாம். சுற்றி வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தங்குமிடம், உங்களுக்குப் பயறும் ஆச்சு. வயலுக்கு என்று விற்கிற பூச்சிக்கொல்லியைச் சமையலறை ஜன்னலுக்கு ஆறடி தள்ளி அடிக்காதீர்கள். அது தேவையே இல்லாத இடம் இது.

புழுவைத் தாண்டினால் அணில், அதையும் தாண்டினால் கிளி, இரவில் பெருச்சாளி. மீசை பழுப்பேறத் தொடங்கிய பிறகு கதிருக்குத் துணிப் பையோ வலைப் பையோ மாட்டிவிடுங்கள். அவசரப்பட்டு முன்பே மாட்டினால் தூள் படாது, பாடுபட்டதெல்லாம் வீண்.

ஒடிக்கிற நாள்தான் கடைசிச் சூட்சுமம். மீசை வந்து பதினெட்டு, இருபது நாள் கழித்து, அது காய்ந்து சுருண்டதும், நுனியில் சிறிது பிரித்து ஒரு மணியை நகத்தால் கீறுங்கள். தண்ணீர் தெறித்தால் இன்னும் இரண்டு நாள், பால் தெறித்தால் இன்றே, மாவாக வந்தால் தாமதம். ஒடித்த நிமிடத்திலிருந்து இனிப்பு மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. பழைய இனிப்புச் சோள ரகங்களில், நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்தால் ஒரே நாளில் பாதி இனிப்பு போய்விடும். இப்போது வரும் அதிஇனிப்பு ஒட்டு ரகங்கள் சில நாள் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் கடைத்தெருவுக்கு அவை வந்தன. ஆனாலும் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போகிறவருக்குக் கிடைக்கிற ருசி கடையில் வாங்குகிறவருக்குக் கிடைக்காது. கடற்கரைச் சோளம் என்றால் கரியும் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்குச் சற்று முற்றிய நாட்டுக் கதிர் சரி. பால் பிடித்த கதிருக்கு உப்புகூட வேண்டாம்.

பணக் கணக்கு கேட்பீர்கள். ஒரு செடிக்கு ஒரு நல்ல கதிர், சில சமயம் இரண்டு. இருபது செடிக்கு இருபது கதிர். சந்தையில் வாங்கினால் இதைவிட மலிவு, அதில் வாதமே இல்லை. மிச்சம் பிடிக்க நினைப்பவர் முருங்கை வைக்கட்டும்.

விதை வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்காகவே இதைத் தனி மடலாக எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். விதைக் கடையில் கிடைப்பது வயலுக்காகக் கட்டிய பொட்டலம், ஒரு வீட்டுக்கு அது மிகப் பெரிது. நமக்கு வேண்டியது நாற்பது விதைதான். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு என்று அலமாரியில் வைத்தால் முளைப்புத் திறன் குறையும். நீங்கள் அறுத்த கதிரிலிருந்து விதை எடுக்கலாம் என்றால், அது ஒட்டு ரகம், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. இன்னொன்று, உங்கள் வீட்டில் இனிப்புச் சோளமும் பக்கத்து வீட்டில் நாட்டு மக்காச்சோளமும் ஒரே நேரத்தில் பூத்தால், அந்தத் தூள் பட்ட உங்கள் மணிகள் அந்த வருடமே மாவு தட்டிப் போகும். மதில் சுவர் மகரந்தத்தைத் தடுக்காது.

ஆகையால் தெருவுக்கு ஒரு பொட்டலம் வாங்குங்கள், ஒரே ரகமாக. எந்த ரகம் என்று சந்தேகம் இருந்தால் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். விதையில் சிவப்பாகப் பூசியிருப்பது பூஞ்சாண மருந்து. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ஊன்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள். பொங்கல் முடிந்த வாரத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமை, தெருவில் இடம் இருக்கிற வீடெல்லாம் எட்டடிக்கு நாலடி பாத்தி போட்டு ஊன்றுங்கள். சுவர் ஓரம் மட்டும் இருக்கிற வீடுகள் அதே பொட்டலத்திலிருந்து பத்து விதை வாங்கிக்கொண்டு பிஞ்சாக ஒடித்துக்கொள்ளட்டும். இப்போதே பாத்திக்கு இடம் பார்த்து, சிமெண்டுக் கட்டியைப் பொறுக்கத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருக்களில் காலையில் நடக்கும் ஒருவன்
மறைமலைநகர்